மைக்கைப் பிடுங்கியவனுக்கு

பைசாந்து
14 மார்ச் 2012

திரு. குவால்பெர்த்தோ சில்வேரா அவர்களுக்கு,

இது வந்து சேரும்போது நீர் உம்முடைய மச்சான் கடையில் ஏதோ ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பீர். கையைத் துடைத்துவிட்டுப் படியும். ரிவேரா வானொலியில் காலையில் மரண அறிவிப்பு வாசிக்கிறீர் என்றும் கேள்விப்பட்டேன். பொருத்தமான வேலை. பைசாந்து வானொலியின் கால்பந்து வர்ணனையில் பத்தொன்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து நீர் சொன்ன ஆட்டக் கருத்துகளும் அந்த ராகத்தில்தான் இருந்தன.

போனில் பேசியிருக்கலாம். உம் குரலைக் கேட்டது போதும் என்று என் இடது காது சொல்கிறது. தவிரவும், போனில் பேசியதை இப்போதெல்லாம் நான் மறந்துவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் மறுநாளும் கோபப்படலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் துறைமுகத் தெருவில் ஓடும் பஸ்ஸுக்குக் குறுக்கே நடந்து போயிருக்கிறேன். டிரைவர் நல்லவன், பிரேக்கை மிதித்தான். போலீஸ்காரன் என்னைக் குடிகாரன் என்றான். இல்லை என்று மறுக்கவும் வழியில்லை, ஏனென்றால் நடைபாதையை விட்டு இறங்கியதே எனக்கு நினைவில் இல்லை. அக்கா நிபியா மொந்தெவிதேயோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெந்தான்கோர் என்று ஒரு டாக்டரம்மா. என் வர்ணனையை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். அதைக் கூச்சமில்லாமல் சொல்கிறாள். எனக்கு வலிப்பு என்கிறாள். கீழே விழுந்து வாயில் நுரை தள்ளுகிற வகை இல்லையாம். "ஆள் உட்கார்ந்திருப்பாரு, தோன் வில்மார். உள்ள கொஞ்ச நேரம் யாரும் இருக்க மாட்டாங்க. அவருக்கே அது தெரியாது. பக்கத்துல இருந்து பார்த்தவங்கதான் சொல்லணும்" என்றாள்.

பக்கத்தில் இருந்து பார்த்தவர்! என் மனைவி அந்தத் தண்டனையை நாலு வருடம்தான் தாங்கினாள். அதற்கப்புறம் என் பக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த பிராணி நீர் ஒருவர்தான். எனவே நீர் பார்த்தது எதுவோ அதை எழுதி அனுப்பும். பார்த்ததை மட்டும். உவமைகள் வேண்டாம், அவை உமக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

இதைச் சமாதானம் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் சேர்ந்து வர்ணித்த கடைசி நாளில், அந்த இறுதி ஆட்டத்தன்று, பிந்தோஸ் கோல் போடும் நேரத்தில், என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அந்தக் கோலை நீர் திருடினீர். மீன் விற்பவனைப் போல அதைக் கத்தினீர். அது அப்படியே இருக்கிறது.

வில்மார் எச்செவெரி


ரிவேரா
2 ஏப்ரல் 2012

வில்மார்,

"நீர்" போட்டிருக்கிறாய். ஊரே கேட்க என்னை "டேய் குண்டா" என்று கூப்பிட்டவன் நீ. மரியாதை உனக்கு ஒட்டவில்லை. இரவல் கோட்டு போலத் தோளில் தொங்குகிறது.

டாக்டரம்மாவுக்காக எழுதுகிறேன். உனக்காக இல்லை.

முதலில் கையில் மாத்தே டீக் குவளையோடு அப்படியே நின்றுவிடுவாய். பார்வை மைதானத்தின் மேல்தான் இருக்கும், ஆனால் பந்து எங்கே போனாலும் கண் போகாது. பிறகு வாய் அசைபோடும். வெறும் வாய். நாக்கைச் சப்புகிற சத்தம் வரும். இடது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. பிறகு ஒன்றும் நடக்காதது போல, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பேச ஆரம்பிப்பாய். அதற்குள் ஆட்டம் வேறு பக்கம் போயிருக்கும்.

இது பல வருடமாக நடக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்கு அது நோய் என்று தோன்றவே இல்லை. பெரும்பாலும் நான் கருத்துச் சொல்லும்போதுதான் நடக்கும். என் பேச்சை அவமதிக்க நீ கண்டுபிடித்த புது வழி என்று நினைத்தேன். உன்னைத் தெரிந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

இனி அந்த இறுதி ஆட்டம். "பிந்தோஸ் வலப்பக்கம் வர்றான், ஒருத்தனைத் தாண்டிட்டான்" என்றாய். அதோடு நின்றாய். ஊர் முழுக்க ரேடியோவில் நீ சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மைக் உன் கையில் மெல்ல மெல்ல மடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பிடுங்கவில்லை, விழாமல் பிடித்தேன். பிடித்த கையோடு கோல் விழுந்தது. யாராவது சொல்ல வேண்டாமா? மீன்காரன் மாதிரி இருந்தது என்கிறாய். இருக்கலாம். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே கோல் அது, பழக்கம் இல்லை.

அன்று மாலை மதுக்கடையில், ஜெயித்த ஃபெரோவியாரியோ அணி ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் பார்க்க, திருடன் என்று சொல்லி என் முகத்தில் ஒரு கிளாஸ் கிராப்பா சாராயத்தை ஊற்றினாய். டாக்டரம்மா அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

குவால்பெர்த்தோ


பைசாந்து
20 மே 2012

குண்டா,

சரி, கோட்டைக் கழற்றிவிட்டேன்.

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. டாக்டரம்மா ஒரு வரி விடாமல் நம்பினாள். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இவரு ரொம்ப நல்லா கவனிச்சிருக்காரு" என்றாள். ஆஃப்சைடையே கவனிக்காதவன் அவன் என்று சொன்னேன். சிரிக்கவில்லை. அவள் சிரிக்கிற ஜாதி இல்லை.

மதுக்கடை எனக்கு நினைவில் இல்லை. கிராப்பாவை நான் வீணாக்கியிருப்பேன் என்பதும் நம்பும்படி இல்லை.

பரீட்சை வைத்தார்கள். பள்ளிக்கூடம் இப்போதுதான் முடித்ததுபோல ஒரு பெண் எதிரே உட்கார்ந்து பதினைந்து சொற்கள் வாசித்தாள். திரை, முரசு, தோட்டம், இப்படி. அரை மணி கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒரு காலத்தில் இரண்டு அணிகளின் இருபத்திரண்டு பெயரையும், மாற்று ஆட்டக்காரர்களையும், அவர்களுடைய அம்மாக்களையும் மூச்சு விடாமல் சொன்னவன் நான். மூன்று சொல் வந்தது. அதில் ஒன்று பட்டியலிலேயே இல்லை. அவள் "பரவால்ல" என்றாள். ஒருத்தி என்னிடம் பரவாயில்லை என்று சொல்கிற நிலைமை! படம் காட்டிப் பெயர் கேட்டாள். நீளக் கழுத்து, புள்ளி புள்ளி, ஆப்பிரிக்காவில் இலை தின்னும், எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. அந்த மிருகம் என்னை மேலிருந்து பார்த்தது, நீ என்னைப் பார்ப்பதுபோலவே.

ஐந்து வருடத்துக்கு முன் தலைவலி என்று போய் இங்கே எடுத்த ஸ்கேன் ஞாபகமிருக்கிறதா? "மூளை சுத்தமா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்களே. காலியாக இருக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். இப்போது வேறு விதமாக எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளி, தகர டப்பாவை அடிப்பது போல் நெடுநேரம் அடித்தார்கள். வந்த படம் சாம்பல் நிறமில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று கார்னிவல் தலைப்பாகை மாதிரி நூல் நூலாக இருந்தது. மூளையின் வெண்பொருளாம் அது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் சேதி கொண்டு போகிற நார்கள். நிஜத்தில் வெள்ளை, கம்ப்யூட்டர்தான் சாயம் பூசுகிறது.

வலப்பக்கம் கட்டு கட்டாக இருந்தது. இடப்பக்கம், காதுக்கு மேலே, மழை கண்ட விளக்குமாறு போல நாலைந்து இழை.

"பேரெல்லாம் உள்ளதான் இருக்கு, தோன் வில்மார். கொண்டு வர்ற நாருதான் தேஞ்சு போயிருக்கு. வலிப்பு வர வர இன்னும் தேயலாம்" என்றாள். இந்தப் படத்தை வைத்துக்கொண்டா என் தலையெழுத்தை முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது, பரீட்சையும் உன் கடிதமும் அதே இடத்தைத்தான் காட்டுகின்றன என்றாள். ஒரு விளக்குமாறும், ஒரு சின்னப்பெண்ணும், நீயும். நல்ல சாட்சிகள்.

மாத்திரை இரண்டு வகை கொடுத்துப் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுகிறாள்.

வில்மார்


ரிவேரா
11 ஜூன் 2012

வில்மார்,

ஆக, குற்றம் எல்லாம் நாருடையது. எந்த நார் என் முகத்தில் ஊற்றியது? சிவப்பா, நீலமா?

நோய் உனக்கு மறதியைக் கொடுத்திருக்கலாம். அந்த வாய் நோய்க்கு முன்னாலிருந்தே இருக்கிறது. இடது பக்கத்தைத் திறந்து அதையும் எடுக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேள். ஊர் வசூல் செய்து செலவைக் கொடுக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்காது. உன் புகழ்பெற்ற பட்டப்பெயர்கள். "ரொட்டிக்கடை மகன்", "ஒட்டடைக்கம்பு", "மாமியார் வீட்டு விருந்தாளி". ஊரில் குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்களே. உன்னை மேதை என்றார்கள். ஒரு பருவம் முழுக்க ஒட்டடைக்கம்பின் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இடைவேளையில் அவன் நிஜப்பெயர் என்ன என்று என்னைக் கேட்டாய். சொன்னேன். இரண்டாம் பாதியிலும் ஒட்டடைக்கம்புதான். அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அது கற்பனை இல்லை, பெயர் வராததற்கு ஒட்டுப்போட்டாய். நல்ல ஒட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒட்டு என்று தெரியாமல் நாங்கள் பத்து வருடம் கை தட்டினோம்.

அறுவை பற்றி என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பதற்காகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. டயர் என்றால் சொல்வேன்.

குவால்பெர்த்தோ


மொந்தெவிதேயோ
19 ஆகஸ்ட் 2012

குண்டா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வாரம் தலை நிறையக் கம்பிகளை ஒட்டி, எதிரே ஒரு கேமராவை வைத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நேற்று வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள்.

ஒருத்தன் நிபியாவோடு பேசிக்கொண்டிருக்கிறான். என் சட்டை, என் மூக்கு. அக்கா ஏதோ கேட்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. மாடு மாதிரி அசைபோடுகிறான். பொத்தானைத் திருகுகிறான். முகத்தில் எவனுமில்லை. அக்கா "வில்மார், வில்மார்" என்கிறாள், அவன் கேமராவைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிறான். அந்த ஆளை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் நான் ஒரு ஆட்டம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். எழுந்து போயிருப்பேன், அல்லது அடித்திருப்பேன்.

நீ எழுதியதில் ஒரு சொல்லும் பிசகில்லை. அதைச் சொல்லியாயிற்று, மறுபடி சொல்ல மாட்டேன்.

ஜூலையில் ஒரு ஆட்டம் வர்ணித்தேன். இப்போது என் பக்கத்தில் மேனேஜரின் மருமகன். அழகான கோட்டு, வாசனைத் தைலம், மூளை உப்பில்லாத பூசணிக்காய். நடுவில் நான் காணாமல் போயிருக்கிறேன். அவன் மைக்கை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு, நான் வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறான். அந்த நேரத்தில் இரண்டு கோல். ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருந்த ஊருக்கு ஆட்டம் எப்படி முடிந்தது என்றே தெரியவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். என் முதுகுக்குப் பின்னால் "கிழவன் தூங்கிட்டான்" என்றார்கள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள். அறுத்தால் வலிப்பு நிற்க வாய்ப்பு இருக்கிறது, நிச்சயம் என்று சொல்ல மாட்டாள். எடுக்க வேண்டியது இடது பக்கம், அது சொற்களின் பக்கம். பெயர்கள் இன்னும் குறையலாம். அறுக்காவிட்டால் வலிப்பே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், நடுவில் ஒரு பஸ் வரும், அந்த டிரைவர் நல்லவனாக இருக்க மாட்டான். "வேலைக்குப் பேரு வேணும்னு தெரியும். உசுரும் வேணும். ரெண்டையும் முழுசா தர்றேன்னு சொன்னா அது பொய்" என்றாள். இந்த நாட்டில் எனக்குப் பொய் சொல்லாத இரண்டாவது ஆள். முதல் ஆள் யார் என்று கேட்காதே.

அறுத்துக்கொள்ளப் போகிறேன். செப்டம்பர் 18. நீ வர வேண்டாம். மொட்டைத் தலையோடு நான் கிடப்பதைப் பார்த்து நீ திருப்திப்பட வேண்டிய அவசியமில்லை.

வில்மார்


ரிவேரா
27 ஆகஸ்ட் 2012

வில்மார்,

வருவதாக யார் சொன்னது? செப்டம்பரில் பிரேசில்காரர்கள் எல்லைதாண்டி வந்து டயர் மாற்றுவார்கள், கடையில் தலை தூக்க நேரமிருக்காது. உன் மொட்டையைப் பார்க்க எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார எனக்குப் பைத்தியமா?

பூசணிக்காயை மைக்குக்கு முன்னால் வைத்த மேனேஜருக்கு என் அனுதாபத்தைச் சொல்.

டாக்டரம்மா சொல்வதைக் கேள். அவளிடம் வாயடிக்காதே. கத்தி அவள் பக்கத்தில் இருக்கிறது.

குவால்பெர்த்தோ


பைசாந்து
15 நவம்பர் 2012

குண்டா,

உயிரோடு இருக்கிறேன். உன் வானொலியில் என் பெயரை வாசிக்கும் சந்தர்ப்பம் தவறிவிட்டது.

அறுவைக்கப்புறம் அந்த வீடியோக்காரன் ஒருமுறைகூட வரவில்லை. நிபியா சமையலறையிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ரொட்டியை மென்றால்கூடப் பயந்துவிடுகிறாள். டாக்டரம்மா இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்கிறாள். சந்தோஷத்தைக்கூடத் தவணையில்தான் கொடுப்பாள்.

சொற்கள் போய்விட்டன. எல்லாமில்லை. நேற்று கதவைப் பூட்டும் அந்தச் சின்ன இரும்பைத் தேடினேன், அக்காவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கையைத் திருகிக் காட்டினேன். சாவி. இப்போது எழுதும்போது வருகிறது, நேற்று வரவில்லை. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதில் இரண்டு நாள் சொல் தேடியது.

போன ஞாயிறு மைதானத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். ஆட்டம் முழுவதும் கண்ணில் விழுந்தது. விடுபடாமல், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. எத்தனை வருடமாக நான் ஓட்டையோடு பார்த்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் எவன் பெயரும் வரவில்லை. வர்ணனையை விட்டுவிட்டேன். மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். துக்கப்பட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டான், பூசணிக்குடும்பத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவனைப் பார்க்க அர்திகாசிலிருந்து சொந்தக்காரன் வந்தான். அவன் இரண்டு நதி தாண்டி வர வேண்டும். நீ வரவில்லை. வர வேண்டாம் என்றுதான் எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் கேட்டிருக்கிறாய். உன்னிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? உன் புத்தி எப்போதும் அவ்வளவுதான்.

வில்மார்


ரிவேரா
24 நவம்பர் 2012

வில்மார்,

வந்தேன்.

நம்ப மாட்டாய் என்று தெரியும். உன் அக்காவைக் கேள். அறுவை முடிந்த மறுநாள் வந்து மூன்று நாள் இருந்தேன். சொல்ல வேண்டாம் என்று அவளிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன், அவள் நல்லவள், வாயை மூடினாள். நீ எழுதியதைப் படித்தபின் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

உன் தலை பூராவும் கட்டு. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் உனக்கு நிலையாக அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும், இந்த நாட்கள் அவருக்கு நினைவில் தங்காது என்று டாக்டரம்மா சொன்னாள். நீ என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டாய். தலையணையை உயர்த்து என்றாய், உயர்த்தினேன். சூப் ஆறிப்போச்சு என்று திட்டினாய், சுடவைத்துக் கொண்டுவந்தேன். அந்த விஷயத்தில் உனக்கு ஒன்றும் குறையவில்லை.

இரண்டாம் நாள் மதியம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். ரகசியம் சொல்வதுபோல் மெதுவாகப் பேசினாய். "எனக்குப் பக்கத்துல ஒருத்தன் இருந்தான், தடியன். என்னைவிட அவனுக்குத்தான் ஆட்டம் தெரியும். நான் பந்து எங்க இருக்குன்னு சொல்லுவேன், அவன் எங்க போகப் போகுதுன்னு சொல்லுவான். அவன்கிட்ட சொல்லிடாத, தலைக்கு ஏறிடும்." சொல்ல மாட்டேன் என்றேன். பெயர் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீ அதைத் தேட ஆரம்பித்தாய். நெற்றியெல்லாம் வேர்த்தது. "நாக்குலயே நிக்குது" என்றாய். நர்ஸ் வந்து என்னைக் கோபித்துக்கொண்டாள்.

நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் என்னைப் பற்றி நல்லதாக நீ சொன்ன ஒரே பேச்சு, நான் யாரென்று தெரியாமல் சொன்னது. பெயரைச் சொன்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வாய் என்று பயம்.

மூன்றாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் கதவுவரை போயிருப்பேன், பின்னாலிருந்து சத்தம் வந்தது. "குவால்பெர்த்தோ சில்வேரா!" முழுப் பெயரும். கடைசி எழுத்தை இழுத்து, மூச்சு முடிகிறவரை, கோல் விழுந்தால் நீ இழுப்பாயே, அப்படி. பக்கத்துக் கட்டில் கிழவன் எழுந்து உட்கார்ந்தான். நர்ஸ்கள் ஓடிவந்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தை நீ பார்த்திருப்பாய், அதை மட்டும் எப்படியோ மறக்காமல் வைத்துக்கொண்டு சாகும்வரை என்னைக் கிண்டல் செய்திருப்பாய். ரிவேரா பஸ்ஸில் நடுவழி வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

குவால்பெர்த்தோ